உலையின் உட்சுவர்: எஃகுத் தொழிலைத் தாங்கிய செங்கல்லின் வரலாறு

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாழ முடியுமா என்று நம் மூத்தோர் கேட்பதுண்டு. முடியாது என்பதே அக்கேள்விக்கு அவர்கள் எதிர்பார்த்த விடை. ஆயினும், முடியாத அந்தக் காரியத்தையே அன்றாடத் தொழிலாகக் கொண்டிருப்பது ஒன்று உண்டு. அதுதான் எஃகு ஆலையின் உலை. 1,600 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் நீர்போல் தளதளக்கும் எஃகுக் குழம்பை, நூறு டன், இருநூறு டன் என்று தன் வயிற்றில் ஏந்திக்கொண்டு அது இரவும் பகலும் நிற்கின்றது. அவ்வுலையின் வெளிக்கூடு எதனால் ஆனது? எஃகுத் தகட்டால் ஆனது. உள்ளே இருப்பதும் எஃகு. வெளியே காப்பதும் எஃகு. உள்ளிருக்கும் வெப்பம் வெளிக்கூட்டை எட்டுமாயின், கூடும் குழம்பாகிவிடும். அவ்வாறு ஆகாவண்ணம் இரண்டுக்கும் இடையே நின்று காப்பது செங்கற்சுவர் ஒன்றே.

எஃகின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் உலையைக் கண்டவர்களையும், ஆலையை எழுப்பிய செல்வர்களையும் போற்றுகின்றன. உட்சுவரைப் பற்றி ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றன. கோபுரத்தைக் கண்டு வணங்குவோர் கடைக்காலை நினைப்பதில்லை அல்லவா? ஆனால், எந்த நாடு எந்தத் தாதுவைக் கொண்டு எஃகு செய்ய இயலும், எந்த நாடு செய்ய இயலாது என்பதையே இந்த உட்சுவர் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. அக்கதையையும் அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றையும் நாம் இப்பேச்சில் காண்போம்.

மொழிபெயர்ப்புப் பணியில் உழல்வோராகிய நமக்கு, இச்செங்கல்லின் பெயரே ஒரு சிந்தனையைத் தருகின்றது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல், இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'பணியாதது', 'முரண்டு பிடிப்பது' என்பது அதன் அடிப்பொருள். சொன்னபடி கேளாத பிள்ளையையும் அம்மொழியினர் அதே சொல்லால் குறிப்பர். நாம் தமிழில் 'வெப்பந்தாங்கும் செங்கல்' என்கின்றோம். நெருப்பு எவ்வளவு வற்புறுத்தினும் இணங்காமல் நிற்பது என்று அவர்கள் கண்டனர். நெருப்பைப் பொறுத்துக்கொண்டு நிற்பது என்று நாம் கண்டோம். இரண்டும் உண்மையே.

இச்செங்கல் பொறுக்க வேண்டிய துன்பங்கள் மூன்று. முதலாவது, வெப்பம். வீடு கட்டும் சாதாரணச் செங்கல், எஃகு உருகும் வெப்பத்தை எட்டுவதற்கு வெகு முன்னரே இளகிச் சரிந்துவிடும். இரண்டாவது, அரிப்பு. உருகிய உலோகத்தின் மேல் ஆடைபோல் மிதக்கும் கசடு, தன்னோடு ஒவ்வாத இயல்புடைய கல்லைத் தின்று கரைத்துவிடும். மூன்றாவது, அதிர்ச்சி. உலை ஒரு நேரம் கொதிக்கின்றது. மறு நேரம் காலியாகிக் குளிர்காற்றை ஏற்கின்றது. கொதிக்கும் பாத்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினாற்போல, கல் வெடித்துச் சிதறும். இம்மூன்றையும் ஒருங்கே தாங்கும் கல் இயற்கையில் எளிதில் கிடைப்பதில்லை. ஒன்றைத் தாங்குவது மற்றொன்றில் தோற்றுவிடும். இத்துறையில் நிகழ்ந்த முன்னேற்றங்கள் எல்லாம் இந்த மூன்று எதிரிகளோடு மனிதன் செய்துகொண்ட போரும் உடன்படிக்கையுமே ஆகும்.

இப்போரில் நம் நாட்டவர் ஈடுபட்டது இன்று நேற்றன்று. தென்னிந்தியாவில் செய்யப்பட்டு மேலைநாட்டார் 'வூட்ஸ்' என்று வியந்து போற்றிய எஃகு, சிறு மண்குகைகளில் காய்ச்சப்பட்டது. கொங்கு நாட்டுக் கொடுமணலிலும், திருவண்ணாமலை வட்டாரத்து மேல்சிறுவளூரிலும் அவ்வகை எஃகுத் தொழிலின் எச்சங்கள் கிடைத்துள்ளன. 1800-ஆம் ஆண்டு மைசூர் நாட்டில் பயணத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் புக்கானன் இத்தொழிலை நேரிற் கண்டு எழுதி வைத்தார். அக்குகைகளைச் செய்தவர்கள் களிமண்ணோடு நெல் உமியைக் கலந்து பிசைந்தனர். உமி எரிந்தபின் கரியும், மணற்சத்தாகிய சிலிகாவும் மண்ணுக்குள் எஞ்சி நின்றன. இன்றைய ஆராய்ச்சியாளர் அக்குகைத் துண்டுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவை கடும் வெப்பத்தையும் குழம்பின் பாரத்தையும் தாங்கியதன் காரணம் இக்கலவையே என்று கூறுகின்றனர். மண்ணோடு கரியைச் சேர்த்தால் மண் உறுதி பெறும் என்ற இச்செய்தியை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். இப்பேச்சின் பிற்பகுதியில் இது மீண்டும் நம்மைத் தேடி வரும்.

ஐரோப்பாவில், 1740-களில், பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் ஆங்கிலேயக் கடிகாரத் தொழிலாளர், கடிகார வில்லுக்கு ஏற்ற எஃகு வேண்டுமென்று முயன்று, மூடிய மண்குகையில் எஃகை உருக்கும் முறையை ஷெபீல்டு நகரை அடுத்த ஊரில் கண்டார். அவருடைய வெற்றியில் பாதி, ஸ்டவர்பிரிட்ஜ் என்னும் ஊரின் தீக்களிமண்ணுக்கு உரியது. நிலக்கரிப் படுகைகளின் அடியில் கிடைக்கும் அம்மண், மற்ற மண்களைவிட வெப்பத்தை மிகுதியாகத் தாங்கியது. எனினும், ஒரு குகை சில முறை காய்ச்சுவதற்குமேல் உழைக்கவில்லை. எஃகு சேர் கணக்கில் விற்கும் அரும்பொருளாகவே இருந்துவந்தது.

அதன்பின் வந்தது மணற்கல். வேல்ஸ் நாட்டின் நீத் பள்ளத்தாக்கில் டைனாஸ் என்னும் பாறை உண்டு. அப்பாறை ஏறத்தாழ முழுவதும் சிலிகா. வில்லியம் வெஸ்டன் யங் என்பவர் 1822-இல் அப்பாறையை இடித்துத் தூளாக்கி, ஒட்டுப்பொருளாகச் சிறிதளவு சுண்ணாம்பு சேர்த்துச் சுட்டெடுத்த செங்கல்லுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். உருகுநிலையை நெருங்கும்வரையில் இச்செங்கல் தளர்வதில்லை. பாரத்தைத் தாங்கிக்கொண்டு விறைத்து நிற்கும். அக்காலத்து உலைகளின் வளைந்த கூரைகளுக்கு இதனினும் ஏற்ற பொருள் வேறொன்றும் இல்லை. அதன் குறை, குளிரும்போது பிளந்துவிடுவது. எனவே, அத்தகைய உலையில் ஒருமுறை தீ மூட்டினால் அதை எளிதில் அணைப்பதில்லை.

1856-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், செல்டன்ஹாம் நகரில் கூடிய விஞ்ஞானிகள் சபையில் ஹென்றி பெஸ்ஸிமர் ஒரு கட்டுரை படித்தார். உருகிய வார்ப்பிரும்பின் ஊடே வெறுங்காற்றை ஊதினாற் போதும். உள்ளிருக்கும் கரி முதலியன எரிந்து, விறகும் கரியும் இல்லாமலே சில நிமிடங்களில் எஃகு கிடைத்துவிடும் என்றார் அவர். கேட்டவர் வியந்தனர். இரும்பாலை முதலாளிகள் பணத்தைக் கொட்டி உரிமை வாங்கினர். ஆனால், தத்தம் ஆலைகளில் அவர்கள் செய்து பார்த்தபோது கிடைத்தது எஃகன்று; சம்மட்டியால் அடித்தால் நொறுங்கும் உதவாக்கரை உலோகமே கிடைத்தது. பெஸ்ஸிமரை ஏமாற்றுக்காரர் என்றுகூடச் சிலர் ஏசினர்.

குற்றம் அவருடையதன்று, பாஸ்பரஸ் என்னும் பொருளுடையது. பெஸ்ஸிமர் தற்செயலாகத் தம் சோதனைக்கு எடுத்துக்கொண்ட இரும்பில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. மற்றவர்களுடைய இரும்பில் அது மிகுதி. பாஸ்பரஸ் சிறிதளவு எஞ்சினாலும் எஃகு குளிர்ந்தபின் கண்ணாடிபோல் உடையும். பெஸ்ஸிமரின் மாற்றுலையிலும், அதன்பின் சீமன்ஸ் சகோதரர்களும் பிரான்ஸ் நாட்டு மார்ட்டினும் வளர்த்த திறந்த அடுப்புலையிலும் பாஸ்பரஸ் இருந்தபடியே இருந்தது. ஐரோப்பாவின் இரும்புத்தாதுக்களில் பெரும்பகுதி பாஸ்பரஸ் மிகுந்தவை. ஆகவே, ஸ்வீடன், ஸ்பெயின் போன்ற சில நாடுகளின் தூய தாதுவை நாடி எல்லோரும் ஓட நேர்ந்தது. மலை மலையாகத் தாது குவிந்திருந்தும் எஃகு செய்ய வழியில்லாத நாடுகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தன.

இங்கேதான் செங்கல் கதைக்குள் வருகின்றது. பாஸ்பரஸ் எரிந்தால் அமில இயல்புள்ள ஆக்சைடு ஆகும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கார இயல்புள்ள ஒன்று கசட்டில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு அத்தகையது. அப்படியானால் உலைக்குள் சுண்ணாம்பைப் போட்டுவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். ஆனால், உலையின் உட்சுவரோ சிலிகாவால் ஆனது. சிலிகா அமில இயல்புடையது. போட்ட சுண்ணாம்பு, பாஸ்பரஸைத் தேடிச் செல்வதற்கு முன்பே சுவரைப் பற்றிக்கொள்ளும். சுவர் கரைந்து கசடோடு கலந்துவிடும். நோயைத் தீர்க்கும் மருந்து, நோயாளி படுத்திருக்கும் கட்டிலை எரித்துவிடும் என்றால் மருத்துவன் என்ன செய்வான்? கட்டிலை மாற்ற வேண்டும். அதாவது, சுவரையே கார இயல்புள்ள பொருளால் கட்ட வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவின் பெரும் இரும்பியல் அறிஞர்கள் முட்டி மோதிய சிக்கல் இதுவே.

அதை அவிழ்த்தவர் ஒரு நீதிமன்ற எழுத்தர்.

சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் 1850-இல் பிறந்தவர். மருத்துவம் படிக்க எண்ணியிருந்தவருக்குப் பதினாறு பதினேழு வயதில் தந்தை காலமானார். குடும்பச் சுமை தோளில் விழவே, இலண்டன் மாநகரப் போலீஸ் நீதிமன்றம் ஒன்றில் எழுத்தராய் அமர்ந்தார். பகல் முழுவதும் குடிகாரர்கள், சிறு திருடர்கள், வாடகைத் தகராறுகள் ஆகியவற்றின் நடவடிக்கைகளை எழுதுவது அவருடைய பணி. மாலையில் பர்க்பெக் கல்விக்கூடத்தில் இரசாயன வகுப்பு. பெஸ்ஸிமர் உலையிலிருந்து பாஸ்பரஸை நீக்குபவன் பெருஞ்செல்வம் அடைவான் என்று அங்கே ஆசிரியர் ஒருநாள் கூறியது அவர் உள்ளத்தில் தைத்தது. அன்றுமுதல் ஓய்வு நேரமெல்லாம் வீட்டிலேயே சோதனைகள். விடுமுறையெல்லாம் இரும்பாலைகளைச் சுற்றிப் பார்த்தல். அலுவலகக் கோப்புகளிடையே வாழ்நாளைக் கழிப்போருக்கு அவருடைய வரலாறு ஓர் ஆறுதல் என்று நாம் சொன்னால், அது நம் தொழிலின் சார்பாகப் பேசுவதாகக் கொள்ள வேண்டா.

சிக்கல் சுவரில்தான் இருக்கின்றது என்பதைத் தாமஸ் தெளிந்தார். தெற்கு வேல்ஸில் பிளேனாவன் இரும்பாலையில் இரசாயனராய் இருந்த பெர்சி கில்கிறிஸ்ட் அவருடைய உறவினர். இவர் இலண்டனிலிருந்து யோசனைகளை எழுதுவார்; அவர் அங்கே சோதிப்பார். சில இராத்தல் இரும்பே கொள்ளும் ஒரு சிறு மாற்றுலையில் தொடங்கி, பல வகைச் சுண்ணாம்புக் கலவைகளை உட்சுவராக அடித்துப் பார்த்தனர். 1877 நவம்பரில் முதல் உரிமைப் பட்டயம் கிடைத்தது. 1878 மார்ச்சில் இலண்டனில் கூடிய இரும்பு எஃகுக் கழகத்தில், இருபத்தெட்டு வயதும் நிரம்பாத அவ்விளைஞர் எழுந்து, பாஸ்பரஸை நீக்கும் வழியைத் தாம் கண்டுவிட்டதாகச் சுருக்கமாகக் கூறினார். சபையோர் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டு பாரிஸில் நடந்த கூட்டத்துக்கு அவர் அனுப்பிய கட்டுரையும் படிக்கப்படாமல் தள்ளிவைக்கப்பட்டது.

ஆயினும் ஒருவர் செவி சாய்த்தார். மிடில்ஸ்பரோ நகரத்துப் போல்க்கோ வான் ஆலையின் மேலாளர் வின்ட்சர் ரிச்சர்ட்ஸ் என்பவரே அவர். அவ்வட்டாரத்துக் கிளீவ்லாந்து தாது பாஸ்பரஸ் மலிந்தது. ஆகவே அவருக்கு இது வாழ்வா தாழ்வா என்னும் கேள்வி. 1879 ஏப்ரல் 4-ஆம் நாள் அங்கே பெரிய உலைகளில் சோதனை நடந்தது. பாஸ்பரஸ் மிகுந்த இரும்பு உள்ளே சென்றது. நல்ல எஃகு வெளியே வந்தது. செய்தி பரவிய சில நாட்களுக்குள் ஐரோப்பாவின் பல ஆலைகளிலிருந்தும் ஆட்கள் மிடில்ஸ்பரோவுக்கு விரைந்தனர். பழம் நழுவிப் பாலில் விழுந்தாற்போல, கசடாக வெளிவந்த பாஸ்பரஸும் வீணாகவில்லை. அதை அரைத்துத் தூளாக்கினால் வயலுக்கு நல்ல உரமாயிற்று. தாமஸ் கசடு என்ற பெயரில் அது ஐரோப்பாவின் உழவர்களிடையே புகழ்பெற்றது.

தாமஸின் உட்சுவர் எதனால் ஆனது? டாலமைட்டு என்னும் கல்லால் ஆனது. அது சுண்ணாம்பும் மக்னீஷியாவும் சேர்ந்த ஒன்று. அதைக் கடுமையாகச் சுட்டு, நொறுக்கி, தாரில் பிசைந்து, செங்கல்லாக அழுத்தியோ சுவராக இடித்தோ அமைத்தனர். சுட்ட சுண்ணாம்பு ஈரக்காற்று பட்டால் நீறிவிடும் என்பதை நம் வீட்டுப் பெண்களும் அறிவர். தார் அந்த ஈரத்தைத் தடுத்தது; உலை சூடேறியதும் தானே கரியாகிக் கற்களைப் பிணைத்தது. நியாயத்தை முன்னிட்டு இங்கே ஒன்று கூற வேண்டும். ஜார்ஜ் ஸ்னீலஸ் என்னும் அறிஞர், சுண்ணாம்பு உட்சுவருக்கு 1872-இலேயே உரிமைப் பட்டயம் பெற்றிருந்தார். ஆனால், அதை ஆலையில் நிலைநாட்டி உலகுக்கு அளித்தவர்கள் தாமஸும் கில்கிறிஸ்டுமே.

இதனால் விளைந்தவை பல. லொரேன் பகுதியின் 'மினெட்' தாது பாஸ்பரஸ் காரணமாக எஃகுக்கு ஆகாதது என்று கருதப்பட்டிருந்தது. அது ஒரே இரவில் செல்வமாயிற்று. ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், லக்ஸம்பர்க் ஆகிய நாடுகளின் எஃகுத் தொழில் இச்சுவரின்மேல் எழுந்தது. 1890-களில் ஜெர்மனி, எஃகு உற்பத்தியில் பிரிட்டனை விஞ்சியது. இலண்டன் எழுத்தர் ஒருவர் கண்ட வழி, அவர் நாட்டின் போட்டியாளருக்கே பெரும்பயன் தந்தது. தாமஸோ அதையெல்லாம் காண இருக்கவில்லை. ஓயாத உழைப்பால் நலிந்த அவருடைய நுரையீரல் நோய்க்கு இரையாயிற்று. வெப்பநாடுகளின் காற்றை நாடிக் கடற்பயணம் செய்தும் பயனின்றி, 1885-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பாரிஸில் காலமானார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. ஈட்டிய செல்வத்தை ஏழைத் தொழிலாளரின் நலத்துக்குப் பயன்படுமாறு விட்டுச் சென்றார்.

டாலமைட்டுக்கு அடுத்து அரங்கேறியது மாக்னசைட்டு. அதைச் சுட்டால் கிடைக்கும் மக்னீஷியா, ஏறத்தாழ 2,800 டிகிரியில்தான் உருகும். சுண்ணாம்பைப் போல ஈரத்துக்கு எளிதில் நீறுவதுமில்லை. 1880-களில் ஆஸ்திரியாவின் ஸ்டீரியா மாநிலத்தில் வெய்ட்ஷ் என்னும் ஊரில் பெரும் மாக்னசைட்டுப் படுகை கண்டறியப்பட்டது. உலகின் கார உலைகள் பலவற்றுக்கும் அங்கிருந்தே செங்கல் சென்றது. ஒரு மலையை நம்பி உலகம் எஃகு காய்ச்சியது எனலாம். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. அமெரிக்கா அலறியடித்துக்கொண்டு தன் வாஷிங்டன் மாநிலத்தில் சுரங்கம் தோண்டியது. மாக்னசைட்டு மலைகள் இல்லாத பிரிட்டன், அடுத்த போருக்குச் சற்றுமுன், கடல்நீரிலிருந்தே மக்னீஷியா எடுக்கத் தொடங்கியது. கடல்நீரில் கரைந்துள்ள மக்னீஷிய உப்புகளோடு சுட்ட டாலமைட்டைச் சேர்த்தால், வெண்மையான வண்டல் படியும். அதைச் சுட்டுச் செங்கல்லாக்கினர். பகைவன் தடுக்க முடியாத சுரங்கம் கடல் என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சேலம் நகருக்கு அருகில், சேர்வராயன் மலையடிவாரத்தில், வெண்ணிறக் குன்றுகள் பரந்து கிடக்கின்றன. ஆங்கிலேயர் அவற்றைச் 'சுண்ணக் குன்றுகள்' என்றே அழைத்தனர். ஆனால் அது சுண்ணமன்று, மாக்னசைட்டு. கரும்பாறையினூடே நரம்புபோல் ஓடும் வெள்ளைக்கல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அது வெட்டி எடுக்கப்பட்டு, உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் சென்றது. கல்லோடு ஒட்டியுள்ள சிலிகாவைக் கையால் தட்டிப் பிரித்து, நல்லதைத் தனியே கூடையில் சேர்ப்பது கூலியாட்களின் வேலை. அவர்களுள் பெண்கள் பலர். எஃகு ஆலையின் புகைபோக்கியைக் கண்டறியாத அவர்கள் கைகளே அதன் உலையின் தரத்தை ஒருவாறு தீர்மானித்தன. சேலத்துக் கல்லின் குறையும் அந்தச் சிலிகாவே. உலைகளின் வெப்பமும் வேகமும் ஏற ஏற, மேலும் தூய மக்னீஷியாவே வேண்டுமென்று ஆலைகள் கேட்கத் தொடங்கின.

இதற்கிடையில் திறந்த அடுப்புலையின் கூரையைக் கவனிப்போம். அதன் அடித்தளம் மக்னீஷியாவாயினும், கூரை நெடுங்காலம் சிலிகாச் செங்கல்லாகவே இருந்தது. கூரை உருகும் எல்லைக்குச் சில பத்து டிகிரிகளே கீழாக உலையை நடத்தினர். சற்றே அசந்தால் கூரை மெழுகுபோல் சொட்டும். நீலக்கண்ணாடி வழியே உலைக்குள் நோக்கிக் கூரையின் நிலையை அறிவது அக்காலத்து உலைத் தலைவர்களின் கலை. 1930-களுக்குப் பின் குரோமியத் தாதுவையும் மக்னீஷியாவையும் கலந்து செய்த செங்கற்கள் அச்சிலிகாவின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தன. சிலிகாவின் மற்றொரு கேட்டையும் இங்கே மறைத்தலாகாது. அக்கல்லை இடித்து அரைத்த தொழிலாளரின் நுரையீரலில் நுண்டூள் படிந்து, மூச்சை மெல்ல மெல்ல அடைத்தது. சிலிகோசிஸ் என்னும் அந்நோய்க்கு நட்டஈடு தரும் முதல் திட்டத்தை பிரிட்டன் 1919-இல் வகுத்தபோது, அது வெப்பந்தாங்கும் செங்கல் தொழிலுக்கென்றே வகுக்கப்பட்டது. உலையைக் காத்த கல், தன்னை உருவாக்கியவனைக் காக்கவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் எஃகு செய்யும் முறையே மாறியது. 1952 நவம்பரில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலும், மறு ஆண்டு டோனாவிட்ஸ் நகரிலும், காற்றுக்குப் பதிலாகத் தூய ஆக்ஸிஜனை மேலிருந்து குழாய்வழியே உருகிய இரும்பின்மேல் பாய்ச்சும் முறை தொடங்கியது. அவ்விரு நகரங்களின் முதலெழுத்துக்களால் அதை எல்.டி. முறை என்பர். திறந்த அடுப்புலையில் பல மணி நேரம் பிடித்த வேலை, இதில் முக்கால் மணிக்குள் முடிந்தது. ஆனால், ஆக்ஸிஜன் தாக்கும் இடத்தில் வெப்பம் 2,000 டிகிரியையும் கடக்கும். குழம்பு சுழன்று சுவரை அறையும். அந்தக் கொடுமைக்கு ஈடுகொடுக்க முன்வந்தது எது? தாமஸ் கையாண்ட அதே தார் கலந்த டாலமைட்டும் அதன் உறவினமாகிய மக்னீஷியாவுமே. ஆனாலும் சில நூறு முறை காய்ச்சுவதற்குள் சுவர் தேய்ந்துவிடும். உலையை நிறுத்தி, ஆறவிட்டு, கொத்தர்கள் உள்ளே இறங்கிப் பழைய கற்களைப் பெயர்த்துப் புதிதாக அடுக்க வேண்டும். ஆகவே, ஓர் உலை உழைக்கும்போது மற்றொன்று எப்பொழுதும் பழுதுபார்க்கப்படும் நிலையில் இருந்தது.

இந்தியாவில் 1912-இல் ஜாம்ஷெட்பூரில் எஃகு உற்பத்தி தொடங்கியதிலிருந்து திறந்த அடுப்புலைகளே பெரிதும் ஆட்சி செலுத்தின. சுதந்திரத்துக்குப் பின் எழுந்த மூன்று பொதுத்துறை ஆலைகளுள் பிலாயும் துர்க்காபூரும் அம்முறையையே மேற்கொண்டன. ரூர்கேலா மட்டும், அன்று உலகுக்கே புதிதாயிருந்த எல்.டி. முறையைத் துணிந்து ஏற்று, 1959-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ரூர்கேலாவை அடுத்த பீர்மித்ராபூரின் சுண்ணாம்புக்கல்லும் டாலமைட்டும், வங்க-பீகார் நிலக்கரிப் படுகைகளின் தீக்களிமண்ணும், சேலத்து மாக்னசைட்டும் ஒன்றுகூடியே நம் உலைகள் எழுந்தன. 1950-இல் கல்கத்தாவில் திறக்கப்பட்ட மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையமும் இவ்வகைச் செங்கற்களின் ஆராய்ச்சியைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. தாதுவும் நிலக்கரியும் உள்ள நாடு எஃகு செய்யும் என்று பொதுவாகச் சொல்வர். செங்கல்லும் உள்ள நாடுதான் செய்யும் என்பதே முழு உண்மை.

1970-களில் ஜப்பானியர் இத்துறையின் போக்கைத் திருப்பினர். மக்னீஷியாவோடு கிராபைட்டுக் கரியைக் கலந்து, பிசினால் பிணைத்து, சூளையில் சுடாமலே உறுதிபெறச் செய்த செங்கல் அவர்களுடைய ஆக்கம். உருகிய கசடு கிராபைட்டில் ஒட்டுவதில்லை; தாமரையிலையில் தண்ணீர்போல் நழுவிவிடும். கிராபைட்டு வெப்பத்தை விரைந்து பரவச் செய்வதால், கல் திடீர்க் குளிர்ச்சியில் வெடிப்பதுமில்லை. கிராபைட்டு எரிந்துபோகாமல் இருக்க, அலுமினியம் போன்ற உலோகத் தூளைச் சிறிதளவு சேர்த்தனர். ஆக்ஸிஜனைத் தானே முதலில் ஏற்று, அது கரியைக் காத்தது. மண்ணோடு கரி சேர்ந்தால் மண் உறுதி பெறும்! நெல் உமியைப் பிசைந்த தென்னாட்டு எஃகுத் தொழிலாளரை நேயர்கள் இப்போது நினைவுகூர்வார்கள். ஜப்பானியர் அவரிடம் கற்றனர் என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறுவது உண்மையாகாது. நெருப்பின் முன் நின்று கூர்ந்து நோக்குவோர், எக்காலத்தவராயினும், ஒரே உண்மையையே வந்தடைகின்றனர் என்று மட்டும் கூறுவோம்.

1990-களில் அமெரிக்க ஆலைகளில் மற்றொரு வழி உருவாயிற்று. எஃகை வடித்தபின் எஞ்சும் கசட்டில் மக்னீஷியாவின் அளவைக் கூட்டி, அதன்மேல் நைட்ரஜன் வாயுவைப் பீறிட்டுப் பாய்ச்சினால், கசடு நாற்புறமும் தெறித்துச் சுவரில் படிந்து உறைந்துவிடும். சாணமிட்டு மெழுகிய சுவர்போல் புதிய பூச்சொன்று அமையும். அடுத்த காய்ச்சலில் கசடு தின்பது அப்பூச்சையே, கல் பிழைத்துக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாகச் சுவரின் பகைவனாய் இருந்த கசடே சுவரின் காவலனாயிற்று. இதனால், சில நூறு முறை உழைத்த உட்சுவர், பத்தாயிரம் முறைக்கு மேலும் உழைக்கலாயிற்று. ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 50 கிலோகிராமுக்கும் மேல் செலவான செங்கல், நல்ல ஆலைகளில் 10 கிலோகிராம் அளவுக்கு இறங்கிவிட்டது.

அப்படியாயின் கவலை தீர்ந்ததா? இல்லை. குரோமியம் கலந்த செங்கல், சில நிலைமைகளில் நச்சுத்தன்மை வாய்ந்த சேர்மத்தைத் தந்து மண்ணையும் நீரையும் கெடுப்பது அறியப்பட்டபின், அதை விலக்கப் பல நாடுகள் முயன்றன. அன்று ஸ்டீரியாவின் மலையை நம்பிய உலகம், இன்று உயர்ந்த மக்னீஷியாவுக்குப் பெரிதும் சீனாவை நம்பியிருக்கின்றது. 2017-இல் சீனா சுற்றுச்சூழல் காரணமாகச் சுரங்கங்களையும் சூளைகளையும் கட்டுப்படுத்தியபோது, விலை பன்மடங்காக ஏறி, நம் நாட்டுச் செங்கல் தொழிலையும் உலுக்கியது. உயர்ந்த தரத்துக்கு நாமும் இறக்குமதியையே சார்ந்திருக்கின்றோம். 1914-ஆம் ஆண்டின் பாடம் பழைய பாடமன்று. பயன்படுத்தி முடித்த செங்கல்லைக் குப்பைமேட்டில் கொட்டாமல், பிரித்து அரைத்து மீண்டும் செங்கல்லாக்கும் முயற்சிகளும், உள்நாட்டுக் கல்லைத் தூய்மைப்படுத்தும் ஆராய்ச்சியும் இக்காரணத்தாலேயே முதன்மை பெறுகின்றன.

வரலாற்றில் பெரிய நிகழ்ச்சிகளின் காரணத்தைப் பெரிய இடங்களிலேயே தேடுவது நம் வழக்கம். ஓர் ஆற்றுப்பாலம், ஓர் இரயில் பாதை, ஒரு கப்பல், ஒரு நெற்களத்து அரிவாள் ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னே நாம் காண்பது உருக்காலையின் தீச்சுடரையே. அத்தீச்சுடருக்குப் பின்னே, அதைக் கட்டிக் காத்து, நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டே நிற்பது ஒரு செங்கல். அதன் பின்னே, பகலில் நீதிமன்றக் குறிப்பு எழுதி இரவில் கண்விழித்த ஓர் எழுத்தரும், வெள்ளைக்கல்லைத் தட்டிப் பொறுக்கிய ஒரு கூலிப் பெண்ணும், மூச்சில் தூளை வாங்கிய ஓர் இடிப்பவனும், ஆறியும் ஆறாத உலைக்குள் கரணையோடு இறங்கும் ஒரு கொத்தனும் நிற்கின்றனர். அடுத்த முறை இரும்புக் கிராதி ஒன்றின்மேல் கை வைக்கும்போது நேயர்கள் அவர்களையும் ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாயின், இப்பேச்சு தன் பயனை அடைந்ததாகும்.